நிறுவனம் தரும் தொழிலாளர் இழப்பீட்டை வாங்கிக்கொண்டு, மோதிய லாரியின் மீதும் வழக்குத் தொடரலாமா?

2024 மார்ச்சில், பணி நேரத்தில், பெங்களூரின் பீன்யாவிலிருந்து நிறுவன வேனில் சென்றபோது லாரி மோதிக் கால் முறிந்ததாகவும், வயது 30, மாதச் சம்பளம் 28,000 ரூபாய் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு இடங்களிலும் இழப்பீடு கோர முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 167-ஆம் பிரிவு, அச்சட்டத்தின்படியோ, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படியோ ஏதேனும் ஒன்றில் மட்டுமே கோரலாம் என்கிறது. ஒன்றைத் தேர்ந்து தொகை பெற்றவர் பிறகு மற்றதற்கு மாற முடியாது.

ஆகவே முதலில் கணக்கைப் பாருங்கள். நிரந்தரமாக 20 சதவீதம் உழைக்கும் திறன் குறைந்ததாக வைத்துக்கொள்வோம். 1923 சட்டத்தில் உங்கள் சம்பளம் உச்சவரம்பான 15,000 ரூபாயாகவே கொள்ளப்படும். அதில் 60 சதவீதத்தை 30 வயதுக்குரிய காரணி 207.98-ஆல் பெருக்கி 20 சதவீதம் எடுத்தால் சுமார் 3,74,000 ரூபாய். மோட்டார் வாகனச் சட்டப்படி விபத்து இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் முழுச் சம்பளத்தை ஆண்டுக் கணக்காக்கி, உங்கள் வயதுக்குரிய பெருக்கெண்ணான 17-ஆல் பெருக்கினால், அதே 20 சதவீதத்துக்கு 11,42,400 ரூபாய் வருகிறது; வலி, வேதனை, சிகிச்சைச் செலவு ஆகியவை தனி. ஆனால் லாரி ஓட்டுநரின் கவனக்குறைவை அங்கே நிரூபிக்க வேண்டும். பணியாளர் சட்டத்தில் யார் தவறு என்ற கேள்வியே பெரும்பாலும் எழாது. லாரிக்குக் காப்பீடு இல்லையென்றாலோ, வண்டியே அடையாளம் தெரியாமல் போயிருந்தாலோ நான் நிறுவனத்தின் பக்கமே போகச் சொல்வேன்.

என் தம்பிக்கு இதே ஊரில் இப்படி நேர்ந்தபோது, மருத்துவமனைக் கட்டிலருகே மனிதவளப் பிரிவினர் ஒரு முத்திரைத்தாளை நீட்டினார்கள். கன்னடத்தில் தட்டச்சான அதில், முழு இழப்பீடும் பெற்றுக்கொண்டதாகவும் இனி எவர் மீதும் வழக்கில்லை என்றும் ஒரு வரி இருந்தது. கன்னடம் சரளமாகப் பேசுகிறவன்தான், ஆனால் படிக்கத் தெரியாததால் எனக்குப் படமெடுத்து அனுப்பினான்; நல்லவேளையாகக் கையெழுத்திடவில்லை. 1923 சட்டப்படி இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் ஆணையரிடம் மனு கொடுத்துவிட்டாலோ, முதலாளியுடன் இழப்பீட்டு ஒப்பந்தம் செய்துகொண்டாலோ, அதே காயத்துக்காக வேறு நஷ்டஈட்டு வழக்குத் தொடர முடியாதென்று 1923 சட்டத்தின் 3(5) பிரிவு சொல்வதால், இப்படிப்பட்ட ஒற்றைத் தாளில் கையெழுத்திடாதீர்கள் என்றுதான் நான் உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன்.

நிறுவனம் தானாகவே ஆணையரிடம் பணம் கட்டுவது வேறு. கர்நாடகத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், ஏற்கெனவே தீர்ப்பாயத்தில் மனுச் செய்திருந்த குடும்பம் அப்படிக் கட்டிய தொகையைப் பெற்றதை அவர்களின் தேர்வாகக் கருத முடியாதென்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தொகை பின்னர் கழித்துக்கொள்ளப்பட்டது.

பணியாளர் சட்டத்தில் இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது. தீர்ப்பாயத்துக்கோ விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவு வரையறுக்கிறது. முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ், சம்பளச் சீட்டுகள் மூன்றையும் எடுத்துக்கொண்டு, தாமதமின்றி மனு தாக்கலாகும்படி விபத்து வழக்குகளையே நடத்தும் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.