கைபேசி கேள்வி – பதில்: அப்டேட்டுக்குப் பிறகு காணாமல் போனவை

கேள்வி: எனது அன்ட்ரொயிட் கைபேசியை அப்டேட் செய்தபோது, அது கம்பனியின் பெயர் தெரியும் திரையிலேயே நின்றுவிட்டது. கடையொன்றில் கொடுத்துச் சரிசெய்தோம். ஆனால் செயலிகள், படங்கள், கனடாவில் இருக்கும் மகள் வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள் எவையும் இப்போது இல்லை. மீட்க முடியுமா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: அப்டேட் வழக்கமாக எதையும் அழிப்பதில்லை, நின்றுபோன போனை இயங்கவைக்கக் கடையில் செய்த ரீசெட்தான் (போனைப் புதிதுபோல ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருவது) அழித்திருக்க வேண்டும். அண்மைக்காலப் போன்களில் தரவுகள் குறியாக்கம் செய்யப்பட்டே (சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டே) சேமிக்கப்படுவதாலும், ரீசெட்டின்போது அவற்றைத் திறக்கும் சாவியும் அழிந்துவிடுவதாலும், போனுக்குள்ளிருந்தே எடுத்துத் தருவதாகச் சொல்லிக் காசு கேட்பவர்களை நம்ப வேண்டாம்.

வட்ஸ்அப்பை முதலில் கவனியுங்கள், அவசரம் அதற்குத்தான். அதன் பெக்கப் (காப்புப் பிரதி) கூகுளின் இணையச் சேமிப்பிடமான கூகுள் ட்ரைவில் இருந்தால், பழைய தொலைபேசி இலக்கமும் முன்பு பயன்படுத்திய அதே ஜிமெயில் கணக்கும் இருந்தால்தான் அது திரும்பும். போன் கடைகளில் வாடிக்கையாளரின் கடவுச்சொல்லைக் கேட்டு மினக்கெடாமல் புதிய ஜிமெயில் ஒன்றைத் திறந்து கொடுத்துவிடும் வழக்கம் இருப்பதால், இப்போது போனில் இருக்கும் முகவரி உங்களுடைய பழையதுதானா என்று பாருங்கள். இல்லையெனில் பழையதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், வட்ஸ்அப் அமைப்புகளில் தானியங்கிப் பெக்கப்பை நிறுத்திவிடுங்கள். பழைய கணக்கே போனில் இருந்தால், வெறுமையான புதிய வட்ஸ்அப்பின் பெக்கப் நள்ளிரவு தாண்டி ஓடிப் பழையதன் மேலேயே எழுதிவிடக்கூடும். பின்னர் செயலியை நீக்கி மீண்டும் நிறுவி, இலக்கத்தை உறுதிசெய்ததும் பெக்கப்பை மீட்கவா என்று கேட்கும் இடத்தில் 'ஸ்கிப்' கொடுக்காமல் மீட்கச் சொல்லுங்கள். இடைப்பட்ட நாட்களில் வந்த செய்திகள் இதனால் போய்விடும் என்பதையும் அறிந்திருங்கள். ட்ரைவில் எதுவுமே இல்லையென்றாலும், மகள் தமது போனில் அழிக்காதிருந்தால் அந்தக் குரல் பதிவுகள் அங்கே இருக்கும். அவரே திரும்ப அனுப்பலாம்.

படங்களுக்குப் பழைய ஜிமெயிலில் கூகுள் போட்டோஸைத் திறந்து பாருங்கள். மெமரி காட்டில் சேமித்தவை சாதாரண ரீசெட்டில் அழிவதில்லை.

செயலிகளைப் பழைய கணக்கின் பிளே ஸ்டோர் பட்டியலிலிருந்து மீண்டும் இறக்கலாம். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில், தேவையானவற்றை மட்டும் ஒவ்வொன்றாக இறக்குவதே டேட்டாவுக்கு நல்லது. வங்கிச் செயலியில் புதிதாகப் பதிவுசெய்ய வேண்டிவரும்.

எஸ்எம்எஸ், அழைப்பு விபரம் ஆகியவற்றைக் கொண்ட முழுப் பெக்கப்பைப் பெரும்பாலான போன்கள் ரீசெட்டுக்குப் பின் முதன்முறை இயக்கும்போதே மீட்கக் கேட்கின்றன. அந்தக் கட்டம் கடையிலேயே கடந்துவிட்டதால், அதற்காக இன்னொரு தடவை ரீசெட் செய்ய வேண்டும். எஸ்எம்எஸ்ஸுக்காக மட்டும் அந்தச் சிரமம் தேவையில்லை என்பது என் கருத்து. செய்வதானால், வட்ஸ்அப்பின் தானியங்கிப் பெக்கப்பை நிறுத்திய பின், அதை மீட்பதற்கு முன்பே செய்யுங்கள். முன்பு பயன்படுத்திய திரைப்பூட்டு இலக்கத்தையும் அது கேட்கும்.