பாராட்டிலும் மேல், கீழ் உண்டு

கேள்வி: கப்பலூரில் ஏற்றுமதி நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறேன். லண்டன் வாடிக்கையாளர் அனுப்பிய டிசைன் பிடித்துப்போய் 'குட் ஜாப்' என்று மெயில் அனுப்பினேன். அப்படி எழுதக்கூடாது என்கிறார் மேலாளர். ஏன்?
– வாசகி, திருமங்கலம்

பதில்: அவர் சொல்வது சரிதான். 'குட் ஜாப்', 'வெல் டன்' இரண்டும் வேலையை மதிப்பிடுபவர் வாயில் வரும் சொற்கள். ஆசிரியர் மாணவரிடம் சொல்லலாம். சக ஊழியர்களுக்குள்ளும் தப்பில்லை. வாடிக்கையாளரிடம் சொன்னால் முதுகில் தட்டிக்கொடுப்பது போலாகிவிடும். வீட்டுப் பெரியவரைப் பார்த்து 'சபாஷ்' என்போமா? மதிப்பெண் போடாமல், பிடித்ததைக் குறிப்பிட்டு நன்றி சொல்லுங்கள்: 'தேங்க் யூ. த பார்டர் லுக்ஸ் லவ்லி.'

யோசனைக்குச் சம்மதம் என்றால் 'சவுண்ட்ஸ் குட்' போதும், பழகியவர்களுக்கான தொனி. 'அப்ரூவ்டு' என்பதை அனுமதி தரும் அதிகாரம் உள்ளவர்தான் எழுத வேண்டும்.

'குவைட் குட்' விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. அமெரிக்கர் காதில் அது 'மிக நன்று'; பிரிட்டிஷ்காரருக்குப் பெரும்பாலும் 'பரவாயில்லை' அளவுதான். லண்டனுக்கு எழுதும்போது தவிர்த்துவிடுங்கள். அங்கிருந்து 'நாட் பேட் அட் ஆல்' என்று வந்தால் மனம் வாடாதீர்கள், அது நல்ல பாராட்டு.