வாவிக்கரையில் நட்ட கண்டல் கன்றுகள் பற்றி

தம்பி, ஆகஸ்டில் மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் வாவிக்கரையில் நட்ட 300 கண்டல் (உவர்நீர்ச் சேற்றில் வளரும் மரம், mangrove) கன்றுகளும் மாரி முடிய முன்னமே செத்துவிட்டன, பசளை போட்டால் சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள். பசளை வேண்டாம், நட்ட இடம்தான் பிழை என்று நினைக்கிறேன். கோடையில் வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மண் மூடி, வாவித் தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது வெளியே தெரிகிற சேறு நல்ல இடம் மாதிரித்தான் இருக்கும், ஆனால் மாரி வெள்ளம் வந்ததும் கன்று முழுதாக மூழ்கி வாரக்கணக்கில் கிடக்கும். கண்டல் தண்டிலுள்ள சிறு துளைகளால் மூச்சுவிடுகிறது, அது அடைபட்டால் வேர் அழுகிவிடும்.

மனம் தளராதீர்கள். 2017இல் வந்த ஆய்வொன்று இலங்கையில் 23 நடுகை இடங்களைப் பார்த்தது, 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை.

இம்முறை மாரியில் ஒரு தடியை நட்டு, பக்கத்தில் தானாக வளர்ந்த கண்டல் மரத்தடியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று குறித்து வையுங்கள். அதே மட்டத்தில்தான் நட வேண்டும். அங்கே தானாக முளைத்த கன்றுகள் இருந்தால் நடவே தேவையில்லை, மாடு ஆடு மேயாமல் வேலி போட்டால் போதும். அப்புறம், கடற்புல் உள்ள இடத்தில் மட்டும் நட்டுவிடாதீர்கள், இறால் குஞ்சுகள் அதற்குள்ளும் வளர்கின்றன.