கடலைக்கு அடிக்கிற புல் மருந்தைக் கொரியன் புல்லுக்கு அடிக்கலாமா?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டு முன்வெளியில் மூன்று சென்ட்டுக்குக் கொரியன் புல் போட்டிருக்கிறோம். அதில் அருகும் காக்காக்கால் புல்லும் கோரையும் ஏறிவிட்டன. தை மாதம் அப்பாவுக்கு மணிவிழா. புல் பதித்தவர், "செலக்டிவ் மருந்து, களையை மட்டும்தான் எரிக்கும்" என்று கடலைக்கு அடிக்கிற க்விசலோஃபாப் அடிக்கச் சொல்கிறார். அடிக்கலாமா?

பதில்: அடிக்காதீர்கள். செலக்டிவ் என்பது பொய் இல்லை, ஆனால் அது கடலைக்குத்தான் செலக்டிவ். புல் இனச் செடி கொழுப்புத் தயாரிக்கத் தேவையான ஒரு நொதியை இந்த மருந்து முடக்குகிறது. கடலை, உளுந்து மாதிரி அகன்ற இலைப் பயிர்களில் அந்த நொதியின் அமைப்பு வேறு, அதனால் தப்பிக்கின்றன. உங்கள் கொரியனும் புல்தானே? எது களை, எது காசு கொடுத்துப் போட்டது என்று மருந்துக்குத் தெரியாது. அடித்துப் பத்து நாள் கழித்து நடுக்குருத்தை இழுத்தால், அடி அழுகிக் கையோடு வந்துவிடும்.

அப்படியானால் சில புல்தரைகள் மட்டும் எப்படித் தாங்குகின்றன? உள்ளே போன மருந்தை அந்தப் புல் எவ்வளவு வேகமாகச் சிதைக்கிறது என்பதில்தான் இருக்கிறது. இது ஒவ்வொரு இனத்துக்கும் மாறும். வெளிநாடுகளில் கொரியன் வகைப் புல்லுக்குள் வரும் அருகை அடக்க இதே வகை மருந்தான ஃபெனாக்ஸாப்ராப் அடிக்கிறார்கள். அருகு வாடும், கொரியனும் கொஞ்சம் மஞ்சளாகித் தேறும். ஒரே அடியில் அருகு சாகாது. அதுவும் நன்றாக வேர் பிடித்த தரையில்தான். வெயிலில் காய்ந்து கிடக்கிற புல், ஒரே இடத்தில் இரண்டு தடவை விழுந்த மருந்து, "டேங்குக்கு ஒரு மூடி" என்ற கணக்கு, இதற்கெல்லாம் எந்தப் புல்லும் தாங்காது.

அந்தப் புல் பதித்தவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அருகு பெரும்பாலும் அவர் கொண்டுவந்த புல் கட்டின் மண்ணோடுதான் வந்திருக்கும். களையைக் கொண்டுவந்து இறக்கியவரே களை மருந்துக்கும் கூலி கேட்கிறார்! லேபிள் இல்லாமல் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்தால் கேட்டுக்குள் விடாதீர்கள். மூடிய டப்பா, பில், இரண்டும் வேண்டும். லேபிளைப் படித்தால் மட்டும் என்ன கிடைக்கும்? கடலை, சோயா, உளுந்து என்று பொடி எழுத்தில் இருக்கும், புல்தரை இருக்காது. செட்டிநாட்டுப் பழைய வீடுகள் சில ஹோட்டலாகிப் புல் போட்டாயிற்று. பரிந்துரை எழுதுகிறவர்கள் இன்னும் வயலை விட்டு வெளியே வரவில்லை.

கோரை விஷயம் தனி. அது புல்லே இல்லை. தண்டை விரலில் உருட்டினால் மூன்று மூலை தட்டுப்படும். க்விசலோஃபாப் அதை ஒன்றும் செய்யாது. கொரியன் செத்து கோரை மட்டும் நிற்கும். கோரைக்குக் கரும்பில் அடிக்கிற ஹாலோசல்ஃப்யூரான் இருக்கிறது. கொரியன் புல் அதைச் சிதைத்துத் தாங்கிவிடும். அளவு ஏக்கருக்கு 36 கிராம். மூன்று சென்ட்டுக்கு ஒரு கிராம் சொச்சம்தான் வரும். கண்ணளவில் போட்டீர்களோ, போச்சு. தெரிந்த நகைக்கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஓரமாக மூன்றடிக்கு மூன்றடி அடித்து மூன்று வாரம் பாருங்கள். கோரை மெதுவாகத்தான் மஞ்சளாகும், அவசரப்பட்டு மறுபடி அடிக்க வேண்டாம். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மறுபடி முளைத்தால், அப்போது அடிக்கலாம்.

அருகுக்குக் கைதான் மருந்து. ஐப்பசி மழையில் மண் இளகியதும் ஆள் விட்டு, கொடியையும் மண்ணுக்குள் ஓடும் தண்டையும் கணு விடாமல் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கணு தங்கினாலும் மறுபடி ஓடும். பறித்ததைப் பிள்ளையார்பட்டிக்கு அனுப்பினால் புண்ணியமாவது மிஞ்சும்.

காக்காக்கால் புல் விதையில் வருவது. மழைக்கு முன்பே பெண்டிமெத்தலின் அடித்து லேசாகத் தண்ணீர் விட்டால், அது மேல்மண்ணிலேயே தங்கி முளைக்கிற விதையைக் கொல்லும். கொரியனின் வேர் அதற்குக் கீழே இருப்பதால் தப்பிக்கும். முளைத்து நிற்பதை இது தொடாது, அதையும் பிடுங்கத்தான் வேண்டும். புதிதாகப் புல் பதித்த இடத்தில் அடிக்காதீர்கள். அடிக்கும்போது திண்ணைப் பக்கம் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். அந்த மஞ்சள் கறை ஆத்தங்குடிக் கல்லில் பட்டால் லேசில் போகாது.