26 இன்ச் என்று கேட்டால் எந்த டயர் கிடைக்கும்?

கேள்வி: என் மகளின் லேடீஸ் சைக்கிளில் பின் டயர் தேய்ந்து நூல் தெரிய ஆரம்பித்துவிட்டது. 26 இன்ச் சைக்கிள் என்று தெரியும் என்பதால் ஆன்லைனில் 26 இன்ச் டயரும் டியூபும் வாங்கினேன். நானும் என் தம்பியும் ஒரு மணி நேரம் போராடியும் டயர் ரிம்மில் ஏறவில்லை. தெருமுனை சைக்கிள் கடைக்காரர் பார்த்தவுடனே "இது வேற சைஸ்" என்றார். விற்றவரைக் கேட்டால், "26 இன்ச் கேட்டீங்க, 26 இன்ச்தான் அனுப்பியிருக்கோம்" என்கிறார். யார் சொல்வது சரி? பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான். சைக்கிள் டயரில் 26 இன்ச் என்பது ஒரே அளவு இல்லை. அந்தப் பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத பல டயர்கள் விற்பனையில் இருக்கின்றன.

அந்த 26 என்பது ரிம்மின் அளவு அல்ல. காற்றடித்த டயரின் வெளி விட்டத்தைத் தோராயமாகச் சொல்லும் பழைய பெயர் அது. லேடீஸ் சைக்கிள்களில் பெரும்பாலும் இருப்பது 26 × 1 3/8. அதன் கம்பி விளிம்பு ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 590 மி.மீ. மேலும் கீழும் 37 மி.மீ. டயர் சேர்ந்தால் 664 மி.மீ., அதாவது 26 இன்ச்சுக்குச் சற்று அதிகம். மவுண்டன் பைக் எனப்படும் தடித்த டயர் சைக்கிளில் ரிம் 559 மி.மீ.தான். ஆனால் டயரின் தடிமன் 50 மி.மீ. என்பதால் கூட்டினால் அதுவும் 659 மி.மீ. வருகிறது. வெளியே பார்க்க இரண்டும் 26 இன்ச், ஆனால் உள்ளே 31 மி.மீ. வித்தியாசம். சுற்றளவில் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 10 செ.மீ. உங்களுக்கு வந்தது இந்த 559 டயராகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் ஒரு மணி நேரம் போராடியது அந்த 10 செ.மீ.யோடு. எத்தனை பேர் சேர்ந்து இழுத்தாலும் அது ஏறாது.

இதைவிட மோசமானது 26 × 1 1/2. அதன் அளவு 584 மி.மீ., உங்களுடையதைவிட வெறும் 6 மி.மீ. சிறியது. ஏறுவது போலவே போக்குக் காட்டும். நெம்பி நெம்பி ஏற்றினால் விளிம்புக் கம்பி கெட்டுப்போகும், இல்லாவிட்டால் டியூப் கிழியும். புள்ளியை வைத்து எழுதிய 1.75-ம் பின்னமாக எழுதிய 1 3/4-ம் பள்ளிக் கணக்கில் ஒன்றுதான். சைக்கிள் டயரில் அவை வேறு வேறு ரிம்முக்கானவை.

அதனால் இன்ச்சை நம்பாதீர்கள். பழைய டயரின் பக்கவாட்டில் "37-590" என்பது போல ஒரு ஜோடி எண் பொறித்திருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது எண் ரிம் விட்டம், இரண்டும் மி.மீ.யில். இரண்டாவது எண் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும், அதில் ஒரு மி.மீ. கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. அகலத்தில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், ஃபோர்க்கிலும் மட்கார்டிலும் இடிக்காத வரை. பழைய ஜென்ட்ஸ் சைக்கிளின் 28 × 1 1/2 டயரில் அந்த எண் 635. புது ஹைபிரிட் சைக்கிள்களின் 700சி-யில் 622. இந்த 700சி டயரையும் சில இடங்களில் 28 என்றே சொல்கிறார்கள், அங்கேயும் இதே குழப்பம்தான். எண் தேய்ந்து போயிருந்தால் பழைய டயரையே கடைக்கு எடுத்துப் போங்கள். அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

டியூப் ரப்பர்தானே, கொஞ்சம் நீளும். அதனால் விட்டத்தில் அவ்வளவு கறார் வேண்டாம், அகலத்தில்தான் கவனம் வேண்டும். தடித்த டயருக்கான டியூப் உங்கள் 1 3/8 டயருக்குள் மடிப்பு மடிப்பாக விழும், மடிப்பு விழுந்த இடத்தில் சீக்கிரம் ஓட்டை விழும். வால்வையும் பாருங்கள். நம் ஊர் சைக்கிளின் பழைய வால்வுக்கும், பைக்கில் இருப்பது போன்ற வால்வுக்கும் ரிம்மில் ஏறக்குறைய ஒரே அளவு ஓட்டை போதும். ரேஸ் சைக்கிள் ரிம்மில் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கான சிறிய ஓட்டைதான் இருக்கும், அதில் இவை இரண்டும் நுழையாது.

சரி, பணத்துக்கு வருவோம். விற்பனைப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை முதலில் பாருங்கள், உடனே படம் எடுத்து வையுங்கள். "எல்லா 26 இன்ச் சைக்கிளுக்கும் பொருந்தும்" என்றோ, உங்கள் சைக்கிளின் அளவையோ போட்டுவிட்டு வேறு டயர் வந்திருந்தால், விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றாகிறது. அப்படிப்பட்ட பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. விற்பவர் இறங்கி வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மேலே போக வேண்டி வந்தால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை.

விற்பனைப் பக்கத்தில் "26 × 1.95" என்று மவுண்டன் பைக் அளவையே தெளிவாகப் போட்டிருந்து நீங்கள் கவனிக்காமல் வாங்கியிருந்தால், அவர்கள் அறிவித்த திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் அனுப்புவதுதான் வழி. எப்படி இருந்தாலும் இனி அந்த டயரை நெம்ப வேண்டாம். விளிம்பில் கீறல் விழுந்தால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும்.

கேள்வி: கடையில் புது டியூப் வாங்கி அங்கேயே மாட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வருவதற்குள் காற்றுப் போய்விட்டது. கழற்றிப் பார்த்த கடைக்காரர் "டியூப் சரியில்லை, கம்பெனியைக் கேளுங்கள்" என்கிறார். கம்பெனிக்காரர், மாட்டியவர் தவறு என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? நானே மாட்டப் பழகிக்கொள்ளலாமா? (வாசகர், விருத்தாசலம்)

பதில்: ஓட்டை எங்கே, எப்படி இருக்கிறது என்று பாருங்கள். டியூபில் கொஞ்சம் காற்றடித்து வாளித் தண்ணீரில் அமுக்கினால் இடம் தெரிந்துவிடும். அடுத்தடுத்து இரண்டு சின்ன வெட்டுகள் இருந்தால், மாட்டும்போது டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது, அல்லது காற்றுக் குறைவாக இருந்தபோது குழியில் இறங்கி அடிபட்டிருக்கிறது. ரிம் பக்கமாக ஊசித் துளை இருந்தால் ஸ்போக் கம்பியின் தலை குத்தியிருக்கிறது. வெளிப்பக்கம் என்றால் முள்ளோ ஆணியோ. ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தால், டயர் விளிம்புக்கு அடியில் சிக்கிய டியூப் வெளியே பிதுங்கி வெடித்திருக்கிறது. டியூபின் ஒட்டுக் கோடு தானாகப் பிரிந்திருந்தால் அது தயாரிப்புக் குறை. வால்வின் அடிப்பாகம் புது டியூபிலேயே விட்டுப் போயிருந்தாலும் அப்படித்தான், வால்வு கோணலாக மாட்டப்பட்டு இழுபடாமல் இருந்திருந்தால்.

தயாரிப்புக் குறை என்றால் விற்ற கடைக்காரரே பொறுப்பு. உங்களைக் கம்பெனிக்கு அலைய விடக் கூடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பில்லில் காலக்கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாட்களுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். அதனால் டியூப்தானே என்று விடாமல் பில் வாங்குங்கள். மாட்டியதில் தவறு என்றால், கூலி வாங்கி மாட்டியவரும் அவர்தானே, அப்போதும் அவரிடம் கேட்கலாம்.

மாட்டுவதை அவசியம் பழகிக்கொள்ளுங்கள். அதற்குத் தேவை பலமல்ல, வரிசை தெரிந்தால் போதும். நான் 9ஆம் வகுப்பில் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி மாட்டிய டியூப் அன்று மாலையே போனது. அதற்குப் பிறகு ஒரு வயதான மெக்கானிக் வெறும் கையால் மாட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். இன்றும் எனக்கு அந்த வேலையில் இரும்பைத் தொட மனம் வராது.

பஞ்சர் ஒட்ட சக்கரத்தைக் கழற்றத் தேவையில்லை. டியூபையே மாற்ற வேண்டும் என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றியதும் பழைய டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றிலும் துடையுங்கள். சீமைக்கருவேல முள் உள்ளே ஒடிந்து நின்றிருந்தால் துணி அதில் மாட்டும், விரலை விட்டால் விரலில் ஏறும். இதைச் செய்யாமல் புது டியூப் போடுவதால்தான் பலருக்கு மறுநாளே பஞ்சர் ஆகிறது. அடுத்து ரிம்மின் நடுவே ஓடும் ரிம் டேப். ஸ்போக் தலைகள் எல்லாவற்றையும் அது மூடியிருக்கிறதா, விலகியிருக்கிறதா என்று பாருங்கள். இற்றுப் போயிருந்தால் மாற்றுங்கள்.

டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் முதலில் ரிம்முக்குள் ஏற்றுங்கள். பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் முன்னோக்கி ஓடும் திசையில் அது இருக்க வேண்டும். டியூபில் அதன் வட்ட வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று விடுங்கள். தட்டையான டியூப் முறுக்கிக்கொள்ளும், சிக்கிக்கொள்ளும். வால்வை ஓட்டையில் நேராக விட்டு, நட்டை ஓரிரு சுற்று மட்டும் திருகி, மீதி டியூபை டயருக்குள் தள்ளி விடுங்கள்.

இரண்டாவது விளிம்பை வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, இரண்டு பக்கமும் கட்டை விரலால் தள்ளிக்கொண்டே வந்து வால்வில் முடிக்க வேண்டும். காரணம் இருக்கிறது. ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. விளிம்பிலுள்ள கம்பி நீளாது, ஆனால் அந்தப் பள்ளத்தில் இறங்கினால் எதிர்ப்பக்கத்தில் கொஞ்சம் தளர்வு கிடைக்கும். வால்வு இருக்கும் இடத்தில் மட்டும் அதன் அடிக்கட்டை பள்ளத்தை அடைத்துக்கொள்வதால் கம்பி இறங்காது. அதனால் மற்ற எல்லா இடத்திலும் இறக்கிவிட்டு, வால்வைக் கடைசியாக வைத்துக்கொள்கிறோம். கடைசி ஒரு சாண் இறுக்கமாக இருக்கும். அப்போது நெம்பியைத் தேடாமல், எதிர்ப்பக்கத்திலிருந்து டயரை இரு கையாலும் பிசைந்து பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டே வாருங்கள். விளிம்பில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு ஏறிவிடும். அப்படியும் ஏறாவிட்டால் பிளாஸ்டிக் டயர் லீவர் பயன்படுத்தலாம், அதையும் டியூபைத் தொடாதபடி ஆழமில்லாமல் விட வேண்டும்.

ஏறியதும் அவசரப்பட்டுக் காற்றடிக்காதீர்கள். வால்வை ஒரு முறை உள்ளே தள்ளி, திரும்ப இழுத்து விடுங்கள், அங்கே விளிம்புக்கு அடியில் சிக்கிய டியூப் விடுபடும். அப்புறம் இரண்டு பக்கமும் டயரை ஒதுக்கி ஒதுக்கிச் சுற்றி வந்து பாருங்கள். எங்கேயாவது டியூப் எட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் அது நசுங்கப் போகிறது என்று அர்த்தம். பாதிக் காற்றடித்துச் சக்கரத்தைச் சுழற்றுங்கள். ரிம்மை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு ஓடும், அது சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். ஏறி இறங்கினால் காற்றை இறக்கி, அந்த இடத்தைப் பிசைந்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். கடைசியாக வால்வு நட்டை இறுக்கி, டயரில் போட்டிருக்கும் அளவுக்குள் காற்று நிரப்புங்கள். பெட்ரோல் பங்க் கம்ப்ரசரில் அடித்தால் கவனம் தேவை. சைக்கிள் டியூப் சில நொடிகளில் நிறைந்துவிடும், கொஞ்சம் அசந்தால் வெடிக்கும். சக்கரத்தை மாட்டிய பிறகு பிரேக் கட்டை டயரில் உரசாமல் ரிம்மில் மட்டும் படுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, டியூப் வாங்கிய உடனே, மாட்டுவதற்கு முன்பே, காற்றடித்துத் தண்ணீரில் ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். குறை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும், மாட்டியவர் தவறு என்று யாரும் சொல்ல முடியாது.

கேள்வி: டியூபில் ஓட்டையே இல்லை, தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டோம். ஆனாலும் ராத்திரி அடித்த காற்று காலையில் இல்லை.

பதில்: பழைய வகை வால்வு என்றால் வால் டியூப் இற்றுப் போயிருக்கும். மூடியைக் கழற்றி வால்வின் வாயில் எச்சில் தொட்டு வையுங்கள், குமிழி வந்தால் அதுதான். அந்தச் சின்ன ரப்பர் குழாயை மாற்றினால் முடிந்தது. இதற்காக டியூபையே மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வால் டியூப் நன்றாக இருந்தும் சில நாட்களில் காற்று இறங்கினால், டியூப் சாதாரண ரப்பரில் செய்ததாக இருக்கலாம். பியூட்டைல் ரப்பர் டியூபில் காற்று அதிக நாள் நிற்கும், விலை கொஞ்சம் கூடினாலும் அதையே வாங்கச் சொல்வேன்.

கேள்வி: டியூப் பெட்டியில் போட்டிருக்கும் எம்.ஆர்.பி.யைவிடக் கூடுதலாக வாங்கினார்கள். கேட்டால் மாட்டுக் கூலி சேர்த்து என்கிறார்கள். இது சரியா?

பதில்: கூலி வாங்குவதில் தவறில்லை. அரை மணி நேர வேலை, கை வலிக்கும் வேலை, அதைப் பேரம் பேசிக் குறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை, பொருளுக்கு அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. டியூபுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று பில்லில் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பெட்டியில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும், அதையும் பாருங்கள். வருடக்கணக்கில் வெயிலில் தொங்கிய டியூபில் மடிப்புகளில் வெடிப்பு தெரியும். அதை வாங்காமல் வேறு கேளுங்கள்.