ஞாயிறு ரோஸ்ட்டும் சுகரும் – கடிதம்

அன்புள்ள சார்,

இங்கிலாந்தின் லீட்ஸில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். மனைவி இந்த ஊர்க்காரர். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறு மதியம் மாமியார் வீட்டில் ரோஸ்ட் சாப்பாடு. இந்தக் கோடையில் எனக்கு டைப் 2 சர்க்கரை நோய் என்று சொல்லிவிட்டார்கள். வயது 41. இப்போதைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும். பயத்தில் ஏதாவது சாக்குச் சொல்லி ஞாயிற்றுக்கிழமைகளில் போகாமல் இருக்கிறேன். போனால் கை நிற்காது. ரோஸ்ட் உருளைக்கிழங்கும் யார்க்‌ஷயர் புட்டிங்கும் (மாவு, முட்டை, பால் கரைத்துச் சுடும், இனிப்பில்லாத பண்டம்) எனக்கு உயிர். அம்மா போனில், "அந்த ஊர்ச் சாப்பாட்டை விட்டுட்டு சப்பாத்தியும் ராகிக் களியும் சாப்பிடு" என்கிறார். மாமியாருக்கோ வருத்தம். ரோஸ்ட்டை விட்டுவிடத்தான் வேண்டுமா? மாமியாரிடம் எப்படிச் சொல்வது?

பெயர் வேண்டாம், லீட்ஸ்

அன்புள்ள நண்பருக்கு,

விட வேண்டாம். இந்த ஞாயிறே போங்கள். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. எனக்கும் சுகர் உண்டு, நானும் இந்த நாட்டில்தான் சமைத்துச் சாப்பிடுகிறேன். சர்க்கரை நோயாளிக்கு அமையக்கூடிய விருந்துகளில் ரோஸ்ட் அளவுக்கு வசதியானது குறைவு என்பது என் எண்ணம்.

காரணம் எளிது. அந்தத் தட்டில் எல்லாம் தனித்தனியாக இருக்கிறது. பிரியாணியில் கறியை மட்டும் எடுத்துக்கொண்டு சோற்றை விடுவது நடக்காத காரியம். ரோஸ்ட்டில் இறைச்சி ஒரு பக்கம், முட்டைக்கோஸ், கேரட், ப்ரோக்கோலி ஒரு பக்கம், உருளைக்கிழங்கு ஒரு பக்கம். மாவுச்சத்து எங்கே இருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்து, வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம்.

அம்மாவின் அக்கறை புரிகிறது. ஆனால் சப்பாத்தியும் களியும் மாவுச்சத்துதான். மூன்று சப்பாத்தியை உருட்டிச் சாப்பிட்டுவிட்டு பத்தியம் இருந்ததாக நினைப்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம். எந்த நாட்டுச் சாப்பாடு என்று உடம்பு பார்ப்பதில்லை, எத்தனை கிராம் என்றுதான் பார்க்கும்.

கணக்குக்கு வருவோம். ரோஸ்ட் உருளைக்கிழங்கு 100 கிராமில் ஏறத்தாழ 26 கிராம் மாவுச்சத்து. வெந்த வெள்ளைச் சோறும் கிட்டத்தட்ட அதே அளவுதான், கொஞ்சம் கூட. முட்டை அளவு உருளைக்கிழங்குத் துண்டு நான்கு சாப்பிட்டால் 50 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்விடும். வீட்டில் சின்னக் குழித் தட்டில் சுடும் யார்க்‌ஷயர் புட்டிங் ஒன்றில் சுமார் 8 கிராம். பப்களில் தட்டு அகலத்துக்கு வைப்பார்களே, அது வேறு விஷயம். அது ஒன்றே 30 கிராமைத் தாண்டும். வெள்ளைக் கேரட் போல இருக்கும் பார்ஸ்னிப்பைக் காய்கறிக் கணக்கில் எழுதிவிடாதீர்கள், அதுவும் உருளைக்கிழங்குப் பக்கம்தான். ஸ்டஃபிங் என்பது ரொட்டித்தூள், அதுவும் மாவுச்சத்துதான். இறைச்சியில் மாவுச்சத்து இல்லை. அதற்காக மலைபோல் அடுக்கவும் கூடாது. மெல்லிய மூன்று துண்டு மாட்டிறைச்சியே 90 கிராம் வரும், சிவப்பு இறைச்சியை நாளுக்குச் சராசரி 70 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது இந்நாட்டு அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்.

ஆக, இரண்டு துண்டு உருளைக்கிழங்கு, ஒரு சின்ன யார்க்‌ஷயர். 35 கிராமுக்குள் முடிந்துவிடும். உயிர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இரண்டையும் விடச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த உருளைக்கிழங்கின் ருசி எனக்கும் தெரியும். பாதி வேகவைத்து, தண்ணீரை வடித்து, பாத்திரத்தை மூடிக் குலுக்கும்போது ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக உதிரும். அந்தப் பிசிறுதான் சூடான கொழுப்பில் விழுந்து மொறுமொறுப்பாகிறது. பாத்திரத்திலிருந்து எடுக்கும்போது ஓரம் நன்றாக முறுகிய துண்டாகப் பார்த்து எடுங்கள், மெதுவாகச் சாப்பிடுங்கள்.

எதை முதலில், எதைப் பிறகு சாப்பிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். யார்க்‌ஷயர் புட்டிங் என்ற பெயரில் ஹன்னா கிளாஸ் என்ற ஆங்கிலச் சமையல் நூலாசிரியர் செய்முறை எழுதி அச்சிட்டது 1747-ல். அந்தக் காலத்தில் இறைச்சி விலை உயர்ந்த பண்டம். அதனால் முதலில் புட்டிங்கை கிரேவியோடு பரிமாறிப் பசியை அடக்கிவிடுவார்கள், பிறகு கொஞ்சம் இறைச்சியே எல்லோருக்கும் போதும். குடும்பத்தை நடத்தத் தெரிந்தவர்களின் ஏற்பாடு அது, எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. யார்க்‌ஷயரில் சில வீடுகளில் அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் நமக்கு வேண்டியது நேர் தலைகீழ். காய்கறியும் இறைச்சியும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று சாப்பிட்டால், அதே தட்டுச் சாப்பாட்டுக்கே சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று டைப் 2 நோயாளிகளிடம் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புட்டிங்கைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் சோபாவில் சாயாமல் மனைவியோடு ஒரு நடை போய்வாருங்கள், கால் மணி நேரம் போதும்.

அப்புறம் சர்க்கரை பார்க்கும் மீட்டர். நர்ஸ் வேறு இலக்குச் சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பொதுவாகச் சொல்வது, இந்த ஊர் mmol/L அளவில் சாப்பாட்டுக்கு முன் 4 முதல் 7, இரண்டு மணி நேரம் கழித்து 8.5-க்குள். அம்மாவிடம் சொல்லும்போது 18-ஆல் பெருக்கிச் சொல்லுங்கள், 8.5 என்பது நம் ஊர்க் கணக்கில் (mg/dL) 153. ரோஸ்ட்டில் கொழுப்பு அதிகம். கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், அதனால் சர்க்கரை மெதுவாக, பிந்தி ஏறலாம். இரண்டு மணி நேரத்தில் நல்ல எண் வந்தது என்று திருப்திப்பட்டுவிடாமல், முதல் சில வாரம் நாலாவது மணி நேரத்திலும் ஒருமுறை குத்திப் பாருங்கள். உங்கள் உடம்புக்கு இரண்டு துண்டா மூன்று துண்டா என்பதை அந்த எண்தான் சொல்லும், நானல்ல.

மெட்ஃபார்மின் மட்டும் என்பதால், மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும் என்ற பயம் பொதுவாக இல்லை. பின்னால் சர்க்கரையை வெகுவாக இறக்கிவிடக்கூடிய கிளிக்ளசைடு மாத்திரையோ இன்சுலினோ சேர்த்தால் கதை வேறு. அப்போது மருத்துவரைக் கேட்காமல் உருளைக்கிழங்கைக் குறைக்கக்கூட வேண்டாம்.

கடைசியில் வரும் இனிப்பு, அந்த ஆப்பிள் கிரம்பிளும் கஸ்டர்டும்தான் நான் உண்மையில் பயப்படும் இடம். ஒரு கிண்ணம் சுலபமாக 50 கிராமைத் தாண்டும். அன்றைக்கு உருளைக்கிழங்கா கிரம்பிளா என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு போங்கள். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட வேண்டாம்.

மாமியாரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சாக்குச் சொல்லச் சொல்ல, தன் சமையல் பிடிக்கவில்லையோ என்றுதான் அவர் நினைப்பார். சனிக்கிழமையே போன் பண்ணி, "எனக்குச் சுகர் வந்திருக்கிறது, உங்கள் ரோஸ்ட்டை விட எனக்கு விருப்பமில்லை, உதவி செய்யுங்கள்" என்று சொல்லுங்கள். கூடவே ஒரு வேலையும் கொடுங்கள். காய்கறிக் கடையில் செலரியாக் என்று முண்டும் முடிச்சுமாக ஒரு கிழங்கு கிடைக்கும். மாவுச்சத்து உருளைக்கிழங்கில் இருப்பதைவிட மிகக் குறைவு. நீங்களே ஒன்று வாங்கிக்கொண்டு கொஞ்சம் சீக்கிரம் போய், தோலைச் சீவி நறுக்கிக் கொடுங்கள். உருளைக்கிழங்கு வேகும் அதே ட்ரேயில் ஒரு ஓரமாக அவர் போட்டுவிடுவார்.