பழைய படகு வாங்க எங்கே தேடுவது? வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

வணக்கம். நான் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் வளர்ந்தவன். ராணிப்பேட்டையில் பம்ப்செட், படகு என்ஜின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். ஏரி நிறையும் வருடமெல்லாம் "பழைய படகு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். கடல் நமக்கு நூறு கிலோமீட்டருக்கு அப்பால். அதனால் படகைப் பற்றி விசாரிக்கப் பக்கத்தில் ஆள் கிடைப்பதில்லை, ஏமாறுகிறவர்கள் அதிகம். வந்த கேள்விகளைச் சேர்த்து வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து: அண்ணா, எங்கள் ஊர் ஏரியில் மீன்பாசி குத்தகை, அதாவது மீன் பிடிக்கிற உரிமை, எடுத்திருக்கிறோம். வலை விட ஒரு பழைய ஃபைபர் படகு வேண்டும். சென்னை காசிமேட்டுக்குப் போனால் கிடைக்குமா?

கிடைக்கும் தம்பி, ஆனால் உங்கள் ஏரிக்கு ஆகாது. காசிமேட்டில் விலைக்கு வருகிற ஃபைபர் படகுகள் பெரும்பாலும் இருபத்தெட்டு, முப்பது அடி. அலையை வெட்டிப் போவதற்காக அடிப்பக்கம் கூராக இருக்கும். அதைக் கரையேற்றவே ஒரு கூட்டம் ஆள் வேண்டும். மாசி, பங்குனியில் உங்கள் ஏரியில் முழங்கால் தண்ணீர்தான் நிற்கும். அப்போது அது தரை தட்டிச் சாய்ந்து கிடக்கும். உங்களுக்கு வேண்டியது பன்னிரண்டிலிருந்து பதினாறு அடிக்குள், அடி தட்டையான படகு.

படகு வாங்குகிற எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: நீங்கள் எந்த மாதிரித் தண்ணீரில் ஓட்டப் போகிறீர்களோ, அந்த மாதிரித் தண்ணீரில் ஓடிக்கொண்டிருக்கிற படகைத் தேடுங்கள். கடலோரம்தான் போவேன் என்றால் பழவேற்காட்டுக்குப் போங்கள். அங்கே காயல் ஆழமில்லாதது. காயலில் மட்டும் தொழில் செய்கிறவர்களிடம் சின்னப் படகுகள் இருக்கும். முட்டுக்காடு, கோவளம் பக்கத்துக் கழிமுகத்திலும் விசாரிக்கலாம்.

அதற்கு முன்னால் இங்கேயே தேடுங்கள். மீன்பாசி ஏலம் நடக்கிற நாளில் போய் நில்லுங்கள். குத்தகை கைமாறிப் போனவரிடம் படகு இருக்கும், ஏரி இருக்காது. வலை, துடுப்பு, ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்தே கொடுத்துவிடுவார். எனக்குத் தெரிந்து நம் பக்கத்தில் கைமாறிய நல்ல படகுகள் பாதிக்கு மேல் இப்படித்தான் போயின. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். காவேரிப்பாக்கம் மாதிரிப் பெரிய ஏரிக்கரை டீக்கடையிலும் சொல்லி வையுங்கள்.

காட்பாடியிலிருந்து, ஓய்வு பெற்ற ராணுவ வீரர்: ஓஎல்எக்ஸில் பன்னிரண்டு அடி படகு ஒன்று பார்த்தேன். புது பெயிண்ட், என்ஜினோடு. விலையும் குறைவு. பாதிப் பணம் அனுப்பினால் லாரியில் ஏற்றிவிடுகிறேன் என்கிறார். நம்பலாமா?

வேண்டாம் ஐயா. பார்க்காத படகுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். "நானும் ராணுவத்தில்தான் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன்" என்று அடையாள அட்டைப் படம் அனுப்பிப் பணம் பறிக்கிற கூட்டமே இருக்கிறது. ராணுவம் என்றதும் உங்களுக்கு நம்பிக்கை வந்துவிடும் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்.

இணையத்தில் தேடுவது தப்பில்லை. விலை நிலவரம் தெரியும், ஆள் தெரியும். பிடித்திருந்தால் கழுவாத படகின் அடிப்பக்கம், என்ஜின் மாட்டும் பின்பலகையின் உள்பக்கம், என்ஜின் நம்பர் தகடு என்று மூன்று படம் கேளுங்கள். உண்மையான ஆள் என்றால் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்.

புது பெயிண்ட் என்றீர்களே, அதுதான் எனக்குப் பயம். நான் முதன்முதலில் வாங்கிய படகும் அப்படித்தான் பளபளவென்று இருந்தது. கடலோர ஊர் ஒன்றில் வாங்கினேன். கொண்டுவந்து என்ஜினை மாட்டி, நான்காவது நாள் ஏரி நடுவில் வேகம் கொடுத்தபோது என்ஜின் பின்னால் சாய ஆரம்பித்தது. கரைக்கு வந்து பின்பலகையைப் பிளந்து பார்த்தேன். வெளியே ஃபைபர் தகடு நன்றாக இருக்கிறது, உள்ளே வைத்திருந்த பிளைவுட் ஊறிப்போன ரஸ்க் மாதிரி கையில் உதிர்கிறது. பழைய போல்ட் ஓட்டை வழியாக வருஷக்கணக்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. விற்றவர் அந்த ஓட்டையில் பட்டி மாவை அடைத்து, மேலே பெயிண்ட் அடித்திருந்தார். என்ஜின் தண்ணீருக்குள் போகாமல் தப்பியதே பெரிய விஷயம்.

ஆற்காட்டிலிருந்து: அப்படியானால் ஃபைபர் படகில் எங்கெங்கே பார்க்க வேண்டும் அண்ணா? எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

முதலில் பின்பலகை. என்ஜின் மாட்டியிருந்தால் அதன் அடிப்பகுதியைப் பிடித்து மேலே தூக்கி, கீழே அழுத்துங்கள். பலகை வளைந்து கொடுத்தாலோ, போல்ட் ஓரம் ஈரம் கசிந்தாலோ உள்ளே அழுகல் என்று அர்த்தம்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. ஸ்க்ரூடிரைவரின் பிடிப் பக்கத்தால் படகின் உடம்பு முழுக்க ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல ஃபைபர் 'டக் டக்' என்று கெட்டியாகப் பேசும். அடுக்கு பிரிந்த இடமும் உள்ளே தண்ணீர் நின்ற இடமும் 'தொப்' என்று மந்தமாகச் சொல்லும். தேங்காய் தட்டி வாங்குகிறவர்களுக்கு இது புதிதில்லை. அப்படிப்பட்ட இடத்தைச் சாக்பீஸில் வட்டம் போட்டு வையுங்கள். விலை பேசும்போது உதவும்.

பிறகு படகைக் குப்புறப் போடச் சொல்லுங்கள். நம் ஏரிகளில் சீமைக்கருவேலத்தை வெட்டிய கட்டைகள் தண்ணீருக்குள் நிற்கும். அது கீறிய நீளக் கோடுகள் அடியில் இருந்தால் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் இறங்கி நின்றால், உள்ளே இருக்கிற கண்ணாடி நார் வரை காயம் போயிருக்கிறது. அது வழியாகத் தண்ணீர் ஊறும். சரி செய்யலாம், ஆனால் செலவு.

உள்ளங்கையால் வெளிப்பக்கத்தைத் தேயுங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் வெயிலில் மேல்பூச்சு செத்துவிட்டது. அதற்காகப் படகை ஒதுக்க வேண்டாம். கொப்புளம் கொப்புளமாக இருந்தால் ஒதுக்குங்கள்.

முடிந்தால் சாயங்காலம் இருட்டும்வரை இருங்கள். படகுக்குள் ஒரு பெரிய டார்ச்சை வைத்து வெளியிலிருந்து பாருங்கள். பெயிண்ட் கனமாக இல்லாத படகில், ஃபைபர் மெலிந்த இடமும் ஒட்டுப் போட்ட இடமும் வெளிச்சத்தில் வேறு நிறமாகத் தெரியும்.

இன்னொன்று, எடை. தளத்துக்குக் கீழே மிதப்புக்காக ஃபோம் அடைத்திருப்பார்கள். அது தண்ணீர் குடித்திருந்தால், நாலு பேர் தூக்குகிற படகை ஆறு பேர் தூக்க வேண்டிவரும். இவ்வளவும் பார்த்த பிறகு தண்ணீரில் இறக்கச் சொல்லி, நாலு ஆளை ஏற்றி ஒரு சுற்று வாருங்கள். "இன்றைக்குத் தண்ணீரில் இறக்க முடியாது" என்று விற்கிறவர் சொன்னால், "முடிகிற அன்றைக்கு வருகிறேன்" என்று கிளம்பிவிடுங்கள்.

வாணியம்பாடியிலிருந்து, மகளிர் குழு: மரப்படகு ஒன்று மலிவாக வருகிறது. கடலோரத்தில் உப்புத் தண்ணீரில் ஓடியது. வாங்கலாமா?

அம்மா, என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: வேண்டாம். உப்புத் தண்ணீரில் நின்ற மரத்தில் துளைப்புழு ஏறும். வெளியே குண்டூசி முனை அளவுக்குத்தான் ஓட்டை தெரியும், உள்ளே விரல் நுழைகிற சுரங்கம் இருக்கும். ஏரித் தண்ணீரில் அந்தப் புழு செத்துப்போகும், அது உண்மைதான். ஆனால் தின்றது தின்றதுதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் நம் வெயில். வேலூர் வெயிலில் ஏரி வற்றி நாலு மாதம் மரப்படகு காய்ந்தால், பலகை சுருங்கி மூட்டெல்லாம் வாய் பிளக்கும். ஒவ்வொரு வருடமும் பஞ்சு அடைத்து, பூசி, ஊறப்போட்டு எடுக்க வேண்டும். அந்த வேலை தெரிந்த ஆசாரி நம் பக்கத்தில் கிடைப்பது கஷ்டம். உங்கள் குழுப் பணம் ஃபைபருக்கே போகட்டும்.

ஆம்பூரிலிருந்து: பழைய என்ஜின் வாங்கும்போது என்ன கவனிக்க வேண்டும்? கடலில் ஓடியதை வாங்கலாமா?

முதலில் என்ஜின் தேவையா என்று யோசியுங்கள். ஆகாயத்தாமரை மூடிய ஏரியில் என்ஜினின் விசிறி (ப்ரொப்பல்லர்) ஐந்து நிமிடம் ஓடாது, சுற்றிக்கொள்ளும். சின்ன ஏரிக்குத் துடுப்பும் மூங்கில் கழியும் போதும்.

தேவை என்றால், போனதும் என்ஜின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார். ஆற விட்டு, குளிர்ந்த என்ஜினை நீங்களே கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீர் நிரப்பிய ட்ரம்மில் வைத்து ஓட்டும்போது பக்கத்திலிருந்து ஒரு சின்னத் தாரை தொடர்ந்து பீச்ச வேண்டும். அது வராவிட்டால் குளிர்விக்கும் தண்ணீர் ஏறவில்லை. கடலில் ஓடிய என்ஜினில் உப்பு அடைத்துக்கொள்வது இங்கேதான்.

பிறகு கீழே கியர் பெட்டியின் திருகைத் தளர்த்தி ரெண்டு சொட்டு ஆயில் எடுங்கள். பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால், தண்ணீர் புகாமல் தடுக்கிற சீல் போய்த் தண்ணீர் கலந்திருக்கிறது. விசிறியைக் கழற்றி, தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். சீலை அறுப்பது பெரும்பாலும் அதுதான். என்ஜின் நம்பர் சுரண்டியிருந்தால் பேச்சே வேண்டாம், அது திருட்டு என்ஜினாக இருக்கலாம்.

உப்புத் தண்ணீரில் ஓடியதும் வாங்கலாம், ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீர் விட்டு அலசியிருந்தால். திருகுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிற விதமே அதைச் சொல்லிவிடும்.

திருவண்ணாமலையிலிருந்து: சாத்தனூர்ப் பக்கம் பழைய பரிசல் கிடைக்கிறது. எடுக்கலாமா?

மூங்கில் பரிசல் என்றால் புதிதாகவே முடையச் சொல்லி வாங்குங்கள். அதன் ஆயுள் குறைவு, பழசில் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஃபைபர் பரிசல் என்றால் மேலே சொன்ன சோதனைகள் அப்படியே பொருந்தும்.

ராணிப்பேட்டையிலிருந்து, இளைஞர் குழு: 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது கரையோரத் தெருக்களில் தண்ணீர் புகுந்தது. அவசரத்துக்கு ஒரு பழைய ரப்பர் படகு வாங்கி வைக்கலாம் என்று நினைக்கிறோம்.

நல்ல எண்ணம் தம்பிகளே. ஆனால் பழைய காற்றுப் படகில் மட்டும் நான் மிகவும் கண்டிப்பு. மடித்து வைத்த மடிப்பிலும் பசை ஒட்டிய மூட்டிலும்தான் அது போகும். தகரக் கொட்டகையில் ரெண்டு கோடைக்காலம் கிடந்தால் பசை பிசுபிசுத்துவிடும். பார்ப்பதற்கு ஒன்றும் தெரியாது. வாங்குவதாக இருந்தால் முழுக்கக் காற்றடித்து ஒரு ராத்திரி விட்டு, காலையில் போய்ப் பாருங்கள். மூட்டெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவி நுரை கிளம்புகிறதா என்று பாருங்கள்.

என்னைக் கேட்டால், தெருவில் தேங்கிய தண்ணீருக்குப் பன்னிரண்டு அடி தட்டை ஃபைபர் படகே மேல். முள்வேலி, உடைந்த கண்ணாடி எது பட்டாலும் தாங்கும். ஆற்று ஓட்டத்துக்குள் மட்டும் எந்தப் படகிலும் இறங்காதீர்கள். அது தீயணைப்புத் துறை வேலை. லைஃப் ஜாக்கெட்டை மட்டும் பழசாக வாங்காதீர்கள். அதைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

ஜோலார்பேட்டையிலிருந்து: ஏலகிரி அடிவாரத்தில் ஒரு பண்ணைக்குட்டையில் விட, பழைய மிதிபடகு எங்கே கிடைக்கும்?

படகு இல்லங்கள் பழைய படகுகளைக் கழிக்கும்போது ஏலம் அல்லது டெண்டர் விடுவார்கள். நேரில் போய் அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். புதுப் படகு செய்கிற ஃபைபர் பட்டறைகளிலும் மாற்றுக்கு எடுத்த பழசு கிடக்கும். மிதிபடகில் மிதிக்கிற தண்டின் பேரிங்கும், அது உடம்பை விட்டு வெளியே போகிற ஓட்டையின் சீலும் முக்கியம். மற்றதெல்லாம் பெயிண்ட் வேலை.

அரக்கோணத்திலிருந்து: பேப்பர் விஷயம் என்ன ஐயா? பைக் மாதிரி ஆர்சி புத்தகம் உண்டா?

கடல் மீன்பிடிப் படகு என்றால் மீன்வளத்துறைப் பதிவு இருக்கும். உடம்பில் ஐஎன்டி-டிஎன் என்று தொடங்கும் எண் எழுதியிருப்பார்கள். சான்றிதழில் உள்ள எண்ணும் என்ஜின் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அரசு மானியத்தில் வாங்கிய படகோ என்ஜினோ என்றால், விற்க நிபந்தனை இருக்கிறதா என்று அந்த ஊர் மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

நம் ஏரியில் என்ஜின் வைத்து ஓட்டுவதற்கு 2021-ம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இருக்கிறது, 1917-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. என்ஜின் கலங்களுக்குப் பதிவு, காப்பீடு எல்லாம் அதில் வருகிறது. துடுப்புப் படகுக்கு அவ்வளவு இல்லை. ஆனாலும் ஏரி யார் பொறுப்பில் இருக்கிறதோ, அது நீர்வளத்துறையோ ஊராட்சியோ, அவர்கள் அனுமதி இல்லாமல் இறக்கக் கூடாது. படகை வாங்கிவிட்டு அனுமதிக்கு அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அனுமதியை முதலில் வாங்குங்கள்.

வாலாஜாவிலிருந்து: எந்த மாதத்தில் வாங்கினால் மலிவு? எப்படிக் கொண்டுவருவது?

சித்திரை, வைகாசி. ஏரி வற்றி, படகைப் புளியமரத்தடியில் குப்புறப் போட்டிருப்பார்கள். அடிப்பக்கத்தை நன்றாகப் பார்க்கவும் முடியும், விலையும் இறங்கும். ஐப்பசி மழை பிடித்த பிறகு கேட்டால் அதே படகுக்கு வேறு விலை. கடலோரத்தில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், படகு பழுது பார்க்கிற ஆட்கள் எல்லோரும் ஊரில் இருப்பார்கள். அந்த நாளில் போனால் ஒரு மேஸ்திரியைக் கூலி கொடுத்துக் கூட அழைத்துப்போய்ப் படகைக் காட்டலாம். அந்தக் கூலி வீணே போகாது. ஆனால் வற்றிய ஏரியில் ஓட்டிப் பார்க்க முடியாது என்பதால், உள்ளே தண்ணீர் நிரப்பி வெளியே கசிகிறதா என்றாவது பாருங்கள். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், உடம்பு விரிந்துவிடும்.

பதினாலு அடிப் படகை டாடா ஏஸில் ஏற்றாதீர்கள். பாதி வெளியே தொங்கும், நெடுஞ்சாலையில் நிறுத்துவார்கள். உள்ளே அடங்குகிற ஈச்சர் லாரி பேசுங்கள். அடியில் பழைய டயர் நாலு போட்டு, கயிறு உடம்பில் உரசும் இடத்தில் சாக்கு வைத்துக் கட்டுங்கள். என்ஜினைக் கழற்றித் தனியாக நிறுத்தி வைத்துக் கொண்டுவாருங்கள்.

வந்ததும் நேரே நடு ஏரிக்குப் போக வேண்டாம். பகலில், கரையோரம் முழங்கால் தண்ணீரில் மிதக்க விட்டு, உள்ளே நீளத்துக்கும் காய்ந்த செய்தித்தாளை விரித்து வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாள் எங்கே முதலில் கறுக்கிறதோ, அங்கே ஒரு சாக்பீஸ் குறி.